பிரம்பு போன பிறகு: காவிரிப் படுகைக் கிறித்தவப் பள்ளிகளில் ஒழுங்கும் தண்டனையும்

“பிள்ளை ஒழுக்கமா வளரணும்னா சிஸ்டருங்க ஸ்கூல்ல போடுங்க” என்ற பேச்சைத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நாகப்பட்டினத்திலும் இன்றும் கேட்கலாம். சொல்பவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள் அல்லர். நெல் வியாபாரி, கூட்டுறவு வங்கி ஊழியர், குத்தகை விவசாயி, வளைகுடாவில் கணவன் வேலை பார்க்கும் பெண் எனப் பலரும் இந்த நம்பிக்கையில்தான் சேர்க்கை விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். நேரந்தவறாமை, ஒட்ட வெட்டிய முடி, சத்தமில்லாத வகுப்பறை, ஓரளவு ஆங்கிலம் ஆகியவை சேர்ந்த ஒன்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒழுக்கம்.

தமிழில் ஒழுங்கு வேறு, ஒழுக்கம் வேறு. வரிசையில் நிற்பது ஒழுங்கு; பொய் சொல்லாமலிருப்பது ஒழுக்கம். பள்ளி நிர்வாகங்களின் பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன. முடி நீளமாக வைத்த பையன் ஒழுங்கு மீறியவனாக அல்ல, ஒழுக்கம் கெட்டவனாகவே பார்க்கப்படுகிறான். தண்டனையின் அளவு கூடுவதற்கு இந்தக் கலப்பே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

பள்ளி ஒரு பிள்ளையை எதனால், எந்த அளவுக்குத் தண்டிக்கலாம்? அப்படித் தண்டிப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? முதல் கேள்விக்குத் தரங்கம்பாடிக் காலத்திலிருந்து 300 ஆண்டுகளாக இப்பகுதியில் விடைகள் குவிந்திருக்கின்றன. இரண்டாவது கேள்வியை மிகச் சிலரே எழுப்பியிருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்து, இரண்டாவது கேள்வி எங்கே விடுபட்டது என்று தேடுகிறது.

திண்ணையும் ஹாலேயும்

பள்ளிப் பிரம்பை மிஷனரிகள்தான் கொண்டுவந்தார்கள் என்று ஒரு சாராரும், மிஷனரிகள்தான் அதை ஒழித்தார்கள் என்று மற்றொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல.

மிஷன் வருவதற்கு முன்பே திண்ணைப் பள்ளிகளில் தண்டனைக்கென்று தனிச் சொற்களே இருந்தன. கைகளைக் கயிற்றில் கட்டி உத்திரத்திலிருந்து தொங்கவிடுவது கோதண்டம். பள்ளிக்கு மட்டம் போடுபவன் காலில் மரக்கட்டையைப் பிணைத்தார்கள். காலையில் முதலில் வருபவன் அடியிலிருந்து தப்புவான்; பிந்தி வருபவர்களுக்கு வரிசைப்படி அடி கூடும். வாத்தியார் இல்லாத நேரத்தில் மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளையின் ஆட்சி. 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் இந்தப் பள்ளி வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பை ஆதாரமாக்கி, ஆங்கிலேயருக்கு முந்தைய கல்வியின் பரப்பை நிறுவியவர் தரம்பால். அவர் காட்டிய பரப்பு மறுக்க முடியாதது. ஆனால் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பது ஒன்று, எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது மற்றொன்று. அவர் வழியில் எழுதியவர்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் தொடவில்லை.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சாவும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து மரபில் வந்தவர்கள். அங்கே அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே உருவாக்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் அன்றைய ஐரோப்பாவில் பெயர் பெற்றவை. குழந்தையின் தன்னிச்சையை உடைத்தால்தான் பக்திக்கு இடம் பிறக்கும் என்பது ஃபிராங்கேயின் நம்பிக்கை. அதற்காக ஓயாத கண்காணிப்பு, நிமிடம் தவறாத நேர அட்டவணை. அதே சமயம், கோபத்தில் அடிக்கக்கூடாது, தண்டனையில் அன்பு தெரிய வேண்டும் என்பதும் அவர் போதனை. தரங்கம்பாடியில் தொடங்கிய பள்ளிகளும் மாணவர் இல்லங்களும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவை. திண்ணைப் பள்ளி பிள்ளையின் உடலை அடக்கியது. ஹாலே முறை மனத்தையும் கேட்டது. எது கடுமை என்பதற்கு எளிய விடை இல்லை. மாலையானால் திண்ணையிலிருந்து வீட்டுக்கு ஓடிவிடலாம். மிஷன் இல்லத்தில் தங்கிய பிள்ளைக்கு அப்படி ஓடிச் சேர ஓர் இடம் இல்லை.

விவிலியத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் பிரம்பை ஆதரிக்கும் வாக்கியங்கள் இருப்பதைக் காட்டி, கிறித்தவப் பள்ளியின் கடுமைக்கு மதமே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. அடியாத மாடு படியாது என்ற பழமொழி எந்த மதத்திலிருந்தும் வந்ததல்ல. “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க சார்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார்களில் எல்லாச் சாமியையும் கும்பிட்டவர்கள் இருந்தார்கள். மதமே காரணம் என்ற வாதம் ஒரு பகுதிக்கு மேல் விளக்கம் தருவதில்லை.

சாதியை உடைத்த ஒழுங்கு

தஞ்சைக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே குறுக்கிடுகிறது. 1780-களில் ரெசிடென்ட் ஜான் சல்லிவனின் திட்டப்படி சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். அவற்றில் படித்தவர்கள் பெரும்பாலும் உயர்சாதிப் பிள்ளைகள். பழைய லுத்தரன் மிஷனரிகள் சாதி வழக்கங்களை ஓரளவு பொறுத்துப் போனார்கள். பின்னால் வந்த ஆங்கிலிக்கர்கள் பொறுக்கவில்லை. மிஷன் விடுதிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும், கோயிலில் கலந்து உட்கார வேண்டும் என்ற விதிகள் வந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடே கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைக் கிறித்தவர்களிடையே பெரும் பிளவு ஏற்பட்டது. சுவார்ட்ஸின் வளர்ப்பில் கற்று, தஞ்சாவூரில் பள்ளித் தலைமை வகித்த வேதநாயகம் சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1820-களின் இறுதியில், இந்தச் சர்ச்சையில் மிஷனரிகளை எதிர்த்து நின்று வேலையை இழந்திருந்தார்.

ஒழுங்கு விதி எல்லாம் அடக்குமுறை என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றை எதிர்கொள்ள வேண்டும். ஒரே பந்தி என்பதும் ஓர் ஒழுங்கு விதியே. அதை மீறிய பிள்ளைக்கும் தண்டனை இருந்தது. சமத்துவத்தைப் பழக்கும் வேலையை இங்கே பல இடங்களில் சீருடையும் பொதுப் பந்தியும் பார்த்தன. மறுபக்கம், வந்த விதியின் நோக்கம் நல்லதாக இருந்தபோதும் அது மேலிருந்து சுற்றறிக்கையாகவே வந்தது. சம்பந்தப்பட்டவர்களோடு பேசிச் செய்யப்படவில்லை. சாஸ்திரியாரின் நிலைப்பாட்டை இன்று ஏற்க முடியாது. ஆனால் தங்களைக் கேட்கவே இல்லை என்ற அவர் தரப்பின் மனக்குறை ஆராயத் தக்கது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நெற்றிக்குறியையும் சேர்த்ததால் எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து அதே கேள்வி மீண்டும் வந்திருக்கிறது: பிள்ளைகளின் உடலில் தெரியும் அடையாளத்தை அகற்றும் ஒழுங்கு யாரைக் காக்கிறது, யாரைப் புண்படுத்துகிறது?

எழும்பூரின் கறுப்புப் புத்தகம், தஞ்சையின் போப்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஒரு மாற்று முயற்சி நடந்தது. படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார், தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையும் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக இது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. கல்வி வரலாற்றில் இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் எழுதுவார்கள்.

ஒழுங்கைப் பொறுத்தவரை பெல் செய்தது அதைவிடச் சுவையானது. தவறுகளைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை மாணவர்கள் நடுவே வாசித்து, குற்றமா இல்லையா என்பதை மாணவர் குழுவே தீர்மானிக்க விட்டார். தண்டனை தேவைப்படுவதே அரிதாயிற்று என்று அவர் சொல்லிக்கொண்டதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தன் முறையைத் தானே மெச்சுபவரின் சாட்சி அது. சக மாணவர் தீர்ப்பு சட்டாம்பிள்ளையின் கொடுமையாக மாறும் ஆபத்தும் இருந்தது. ஆயினும், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை வாய் திறக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் முதலில் தோன்றிய இடங்களில் எழும்பூர் ஒன்று. மணலில் எழுதும் முறை உலகம் சுற்றியது. இந்த எண்ணம் இங்கேயே வேர் பிடிக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் நேர்மாறான உதாரணம் தஞ்சையிலேயே கிடைக்கிறது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு. போப், 1850-களில் தஞ்சாவூரில் மிஷன் பள்ளிப் பணியில் இருந்தார். அதற்கு முன் சாயர்புரம், பின்னர் உதகமண்டலம், பெங்களூர். சென்ற இடமெல்லாம் அவர் கடுமை பேச்சாயிற்று. மனத்தாங்கல்களும் பதவி விலகல்களும் தொடர்ந்தன. அந்தக் கடுமையையே போப்பின் பணிகளுக்கு நேர்ந்த முக்கியக் குறையாகச் சக மிஷனரியான கால்டுவெல் கருதினார். குறளின் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரம், குடிகள் அஞ்சி நடுங்கும்படி ஆள்வது அரசனுக்கே கேடு என்று பேசுவது. அதை மொழிபெயர்த்தவரே வகுப்பறையில் அஞ்சப்பட்டவராக இருந்தது அவரைச் சிறுமைப்படுத்தச் சொல்வதல்ல. பெரும் கல்வியும் தமிழ்ப் பற்றும் மட்டுமே ஓர் ஆசிரியரைத் தண்டனையின் பழக்கத்திலிருந்து காப்பாற்றிவிடா என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகிறது.

கத்தோலிக்கரின் இரண்டு விடைகள்

கத்தோலிக்கப் பள்ளிகளின் மரபு தனி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம் மாறிய புனித வளனார் கல்லூரி, இயேசு சபையினருடையது. அச்சபையின் 1599ஆம் ஆண்டுக் கல்வி விதித்தொகுப்பு, உடல் தண்டனை தவிர்க்க முடியாமற்போனால் அதைச் சபையைச் சேர்ந்த ஆசிரியர் தரக்கூடாது, அதற்கென வைத்த வெளியாள்தான் தர வேண்டும் என்று வகுத்தது. கற்பிக்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றாகக்கூடாது என்பது அதன் உட்பொருள். அடி என்னவோ விழுந்தது. ஆனால் குற்றத்தைக் கண்டவரே அந்தக் கணத்தில் கோபத்தோடு தண்டிப்பது தடுக்கப்பட்டது.

இரண்டாவது விடை நேராகத் தஞ்சாவூருக்கே வந்தது. இந்தியாவில் சலேசிய சபையினர் முதன்முதலில் கால் பதித்த ஊர் தஞ்சாவூர். 1906 ஜனவரியில் தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் வந்த சிறு குழு இங்கே அநாதை இல்லத்தையும் பள்ளியையும் ஏற்றது. அவர்கள் நிறுவனர் டான் போஸ்கோ 1877இல் எழுதிய சிறு கட்டுரை, அடக்கும் முறை, தடுக்கும் முறை என்று இரண்டைப் பிரித்தது. தவறு நடந்தபின் தண்டிப்பது முதல் முறை. தவறுக்கு இடமே கொடாதபடி ஆசிரியர் எந்நேரமும் பிள்ளைகளோடு விளையாடி, பேசி, உடனிருப்பது இரண்டாவது. பகுத்தறிவு, சமயம், அன்பு மூன்றும் அதன் தூண்கள். அடி கூடாது, எல்லோர் முன்னிலும் அவமதிக்கக் கூடாது, ஆசிரியரின் முகம் வாடுவதே பிள்ளைக்குப் போதிய தண்டனை.

இக்கட்டுரையில் பேசப்படும் நிலைப்பாடுகளில் மனத்துக்கு மிக நெருக்கமாகப் படுவது இதுவே. இருந்தாலும் இரண்டு பலவீனங்கள் உண்டு. 60 பேர் இருக்கும் வகுப்பில் எந்நேரமும் உடனிருப்பது இயலாது. இயலாதபோது அன்பு குறைந்து கண்காணிப்பு மட்டும் மிஞ்சுகிறது. இன்றைய வகுப்பறைக் கேமராக்கள் அந்த மிச்சத்தின் வாரிசுகள். மற்றது நுட்பமானது. அன்பை விலக்கிக்கொள்வதே தண்டனையானால், அன்புக்கு ஏங்கும் விடுதிப் பிள்ளையை அது பிரம்பைவிட ஆழமாக வெட்டக்கூடும். அந்தத் தண்டனையை யாரிடம் முறையிடுவது? காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பண்ணையின் சவுக்கு

பள்ளித் தண்டனையைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகப் பள்ளிக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். கீழத்தஞ்சையில் அப்படி நின்றுவிட முடியாது. இங்கே மனித உடல்மேல் அடி விழுந்த முதன்மையான இடம் வயல். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் வழக்கமான தண்டனைகளாக இருந்தன. 1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோர் முன்னின்று கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் கூலி உயர்வோடு சேர்த்து முதலில் எழுப்பிய குரல் இந்த இரண்டையும் ஒழிப்பதற்காகவே. அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னது உடலின் மானத்தைப் பற்றிய பேச்சு. 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் பின்னர் மிஷன் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வந்தார்கள். குறுவை அறுப்பிலும் சம்பா நடவிலும் தாயோடு வயலுக்குப் போய்விட்டு மறுநாள் வந்த பிள்ளைக்கு, வராமைக்காகக் கிடைத்த பிரம்படியை மேட்டுக்குடி வீட்டுப் பிள்ளை வாங்கிய அடியோடு ஒன்றாக எண்ண முடியாது. ஒருவனுக்கு அது வகுப்பறைச் சம்பவம். மற்றவனுக்குக் குடும்ப நினைவின் தொடர்ச்சி. அடித்தாலும் அந்தப் பள்ளிதான் தங்களைக் கரையேற்றியது என்று நன்றியோடு பேசும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் டெல்டாவில் ஏராளம். அவர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால் கரையேற்றியது கல்வியா, கடுமையா என்பதைப் பிரித்தறிய அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. இரண்டும் ஒரே பொட்டலத்தில் கிடைத்தன. பிரம்புக்குத் தப்பியோடி மாடு மேய்க்கப் போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

சட்டம் வந்த வழி

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் காற்று திசை மாறியது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவல் ஆசிரியர் பயிற்சி வகுப்புகள்வரை போய், அடி என்பது அறிவை எப்படிக் கொல்லும் என்று ஆசிரியர்களையே பேச வைத்தது. 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அங்கிருந்த பிரம்படி விதியை ரத்துசெய்தது. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு, அதுவரை அனுமதிக்கப்பட்டிருந்த உடல் தண்டனை நீக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டத்தால் நடைமுறை எவ்வளவு மாறியது? ஒன்றிய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அது 17ஆம் பிரிவுக்கு முந்தைய நிலை. இன்று டெல்டாவின் தனியார் பள்ளிகளில் பிரம்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை. அதன் இடத்துக்கு வந்தவை முட்டி போடுதல், தோப்புக்கரணம், இம்போசிஷன், பிரேயர் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பெயர் வாசித்தல், தாமதத்துக்கு ஃபைன், “அப்பாவை கூட்டிட்டு வா” என்று டைரியில் சிவப்பு மை, எல்லாவற்றுக்கும் கடைசியாக டி.சி.

இந்த டி.சி. பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உடல் தண்டனையை ஒழித்த சட்டம், வெளியேற்றும் அதிகாரத்தை எட்டாம் வகுப்புவரை மட்டுமே தடுத்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது நிர்வாகத்தின் கையில். ஒழுங்கு மீறல் என்ற காரணம் எழுத்தில் வருவதில்லை. பெற்றோர் விருப்பத்தின் பேரில் என்று எழுதி வாங்கிக்கொள்வதே வழக்கம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றுவதற்காக ஒன்பதில் வெளியேற்றப்படும் பிள்ளைக்கும் உண்மையிலேயே சக மாணவனைத் தாக்கிய பிள்ளைக்கும் ஒரே தாள்தான் கிடைக்கிறது. 2022 மே மாதத்தில், ஆசிரியர்களை அவமதிக்கும் மாணவர்களின் நடத்தை சான்றிதழில் குறிக்கப்படும் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் கேட்டது சரியே: குறிப்பதற்கு முன் விசாரிப்பது யார்?

30ஆம் பிரிவின் நிழல்

அரசியலமைப்பின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்த உரிமை தருகிறது. 2014 மே 6இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. அந்த வழக்கின் மையம் 25 விழுக்காடு இடஒதுக்கீடு. ஆனால் சட்டம் முழுவதுமே பொருந்தாது என்று தீர்ப்பு அமைந்ததால், தண்டனையைத் தடைசெய்யும் 17ஆம் பிரிவும் அதோடு போயிற்று. இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்தத் திருச்சபையும் அடிக்கும் உரிமைக்காக வழக்காடவில்லை.

வெளிநாடுகளில் அப்படி வழக்காடியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 196 கிறித்தவத் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு, பிரம்படி தங்கள் விசுவாசத்தின் பகுதி என்று வாதிட்டு, 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தோற்றது. பிரிட்டனில் இதே வாதம் 2005இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. நம்பிக்கை உண்மையானதாகவே இருக்கலாம், ஆனாலும் குழந்தையின் பாதுகாப்புக்காக அரசு அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதே இரு இடத்து முடிவும். அமெரிக்காவில் மட்டும் 1977 தீர்ப்பு பள்ளி அடிக்குக் கதவைத் திறந்தே வைத்தது.

இந்தியாவில் 30ஆம் பிரிவைத் தண்டனை உரிமையாக வாசிக்க இடமில்லை என்றே கொள்ளலாம். மாநிலக் கல்வி விதிகளின் 51ஆம் விதி அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கானது. சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையை மதம் பார்க்காமல் தண்டிக்கிறது. சட்டத்தில் ஓட்டை இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. 17ஆம் பிரிவு மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துச் சொல்லியது. அவமதிப்புக்கு எதிராக அந்த அளவு தெளிவான வேறு சொல்லைக் காண்பது கடினம்.

சமய ஒழுங்கு தனிக் கேள்வி. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யக்கூடாது என்கிறது 28(3) பிரிவு. தேசிய கீதம் பாடாததற்காக வெளியேற்றப்பட்ட மூன்று பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன 1986ஆம் ஆண்டு பிஜோ இம்மானுவேல் தீர்ப்பில் காக்கப்பட்டவர்கள் யெகோவாவின் சாட்சிகள். பள்ளியை நடத்தியது ஓர் இந்து அமைப்பு. அந்தத் தீர்ப்பின் நியாயம் பூ, பொட்டு, வளையல் தொடர்பான கிறித்தவப் பள்ளி விதிகளையும் நோக்கி நீள்கிறது. 2024இல் கத்தோலிக்க ஆயர் பேரவை, பிற சமயப் பிள்ளைகள்மேல் கிறித்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசியுங்கள் என்று தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. உள்ளிருந்தே வந்த திருத்தம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

விடுதி

பகல் பள்ளிக்கும் விடுதிக்கும் உள்ள வேறுபாட்டை விவாதங்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. படுக்கையை மடிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை விடுதியில் எல்லாம் ஒழுங்கின் கீழ் வருகிறது. எங்கே பயிற்சி முடிந்து வேலை வாங்குவது தொடங்குகிறது என்பது வார்டனின் மனசாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

2022 ஜனவரியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் கிறித்தவப் பள்ளி விடுதி ஒன்றில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி இறந்தார். விடுதியில் அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்டதா, மதமாற்ற வற்புறுத்தல் இருந்ததா என்ற இரு கேள்விகள் எழுந்தன. அம்மாத இறுதியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கே கவனிக்க வேண்டியது, நாடு முழுவதும் எழுந்த விவாதம் இரண்டாவது கேள்வியிலேயே சுழன்றது என்பதுதான். விடுதிப் பிள்ளை தன்மேல் சுமத்தப்படும் வேலையைப் பற்றி யாரிடம் முறையிட முடியும் என்ற முதல் கேள்வி, எல்லா மதத்தாரின் விடுதிகளுக்கும் அரசு விடுதிகளுக்கும் பொருந்துவது. அது ஓசையில் அமுங்கிப்போனது. மகளிர், குழந்தைகளுக்கான விடுதிகளைப் பதிவுசெய்ய 2014இலேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. அறையின் அளவையும் காவலாளியையும் பார்க்கும் ஆய்வு, ஒரு மாணவியைத் தனியே உட்கார வைத்துக் கேட்பதாக விரிய வேண்டும்.

ஆசிரியர் தரப்பு

ஆசிரியர்களின் வாதத்தைக் கேலியாக ஒதுக்குவது தவறு. கண்டித்தால் புகார், கண்டிக்காவிட்டால் தேர்ச்சி விகிதம் என்று இருபக்கமும் இடிபடுபவர்கள் அவர்கள். சுயநிதிப் பள்ளிகளில் குறைந்த சம்பளம், நிரந்தரமற்ற பணி. 2012 பிப்ரவரியில் சென்னையில் கிறித்தவப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். டைரியில் அவர் எழுதிய குறிப்புகள் அவன் மனத்தில் வன்மமாகியிருந்தன என்று அப்போது பேசப்பட்டது. அந்த அச்சம் ஆசிரியர்களிடம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிரம்பு வேண்டும் என்ற முடிவுக்குப் போக முடியாது. அங்கே இருந்தது பிரம்பு அல்ல, டைரி. பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர், ஒரு மனநல ஆலோசகராவது, இல்லாமற்போனதே குறை என்று சொல்லலாம்.

ஆய்வுகளும் ஆசிரியர்கள் நினைப்பதை ஆதரிக்கவில்லை. எலிசபெத் கெர்ஷாஃப் 2002இலும் 2016இலும் தொகுத்த ஆய்வுகள், அடி உடனடியாக அடங்க வைத்தாலும் நாளடைவில் வன்முறையோடும் மனச்சோர்வோடும் சேர்ந்தே காணப்படுவதைக் காட்டின. பெரும்பாலும் மேலைநாட்டுத் தரவுகள், அதிலும் வீட்டில் பெற்றோர் அடிப்பது பற்றியவை. தொடர்பைக் காட்டுவன, காரணத்தை நிறுவுவன அல்ல. டெல்டாவின் பள்ளிகளை வைத்து இத்தகைய நீண்டகால ஆய்வு செய்வது பல்கலைக்கழகங்களின் முன் உள்ள வேலை.

திறந்திருப்பவை

அடி கூடாது என்பதில் சட்டத்திலும், திருச்சபைகளின் அதிகாரபூர்வப் பேச்சிலும், ஆய்விலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதைத் தாண்டியவற்றில்தான் தெளிவு குறைவு. வெளியேற்றுவதற்கு முன் எழுத்தில் குற்றச்சாட்டு, பிள்ளையின் பதில், பள்ளிக்கு வெளியே ஒருவரிடம் மேல்முறையீடு ஆகிய மூன்றும் எல்லாப் பள்ளிக்கும் கட்டாயமாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. எழும்பூரின் கறுப்புப் புத்தகத்தில் இருந்த நல்ல பாதி அது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப்பெட்டி வந்திருக்கிறது; 14417, 1098 உதவி எண்கள் இருக்கின்றன. போன் கையில் இல்லாத விடுதிப் பிள்ளைக்கு எண் எப்படிப் பயன்படும் என்பதற்கு விடை வேண்டும். இத்தகைய நடைமுறை சிறு பள்ளிகளுக்குச் சுமையாகும், கண்டிக்கவே ஆசிரியர்கள் அஞ்சுவார்கள் என்ற மறுப்பும் எடைபோடத் தக்கதே.

பிரமதி தீர்ப்பு சரியா என்ற ஐயத்தை 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வே எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அந்த அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றினால் 17ஆம் பிரிவு டெல்டாவின் கான்வென்ட்களுக்கும் வந்து சேரும். மாற்றாவிட்டால் மாநில விதிகளையே நம்ப வேண்டியிருக்கும். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பு 6 முதல் 14 வரை. பத்தாம் வகுப்பு முடித்து, பெட்டியோடு பிளஸ் ஒன் விடுதிக்கு வந்து இறங்கும் மாணவி அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டியிருப்பாள். பெரிய அமர்வு எப்படித் தீர்த்தாலும் அவளுக்கு அப்பிரிவு கிடையாது. அந்த வரம்பை நீட்டுவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.